முதல் வாயுவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு

தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கைப்பேசியிலேயே டிமேட் கணக்குத் திறந்து பங்கு வாங்குகிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: "ஐயா, இந்த கேஸ் கம்பெனி இன்னும் உற்பத்தி ஆரம்பிக்கல. ஆரம்பிச்சா விலை ஏறும்னு சொல்றாங்க. இப்பவே வாங்கி வச்சுக்கலாமா?"

கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்தே என் உத்தியோக காலம் கழிந்தது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்த நாளிலிருந்து டெல்டாவின் எண்ணெய், எரிவாயு விவகாரங்களைத் தொடர்ந்து கவனித்தும் வருகிறேன். தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே: வாயு எப்போது வரும் என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். வந்த வாயு எத்தனை ஆண்டு நிற்கும், விற்ற பணத்தில் பங்குதாரருக்கு என்ன மிஞ்சும், எடுக்கப்போகும் மண்ணின் மக்கள் சம்மதித்தார்களா என்பவைதான் உங்கள் பணத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. காத்திருக்கக்கூடிய பணத்தை மட்டும் போடுங்கள்.

எரிவாயுத் தொழிலில் காலம் ஆண்டுக்கணக்கில் ஓடும். கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் டி6 தொகுதி ரிலையன்ஸுக்கு 2000-ல் கிடைத்தது. வாயு இருப்பது 2002-ல் தெரிந்தது. உற்பத்தி தொடங்கியது 2009 ஏப்ரலில். இத்தனைக்கும் ரிலையன்ஸ் நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அஸ்ஸாமின் டிரோக் வயலுக்கு இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. ஒப்பந்தம் 1998-ல், வாயு வந்தது 2017 ஆகஸ்ட்டில். ஆகவே குறுவைக்கு உழவும் உரமும் வாங்க வைத்திருக்கும் பணம், சங்கத்தில் வாங்கிய நகைக்கடன், தங்கையின் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணம் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. நிறுவனம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வங்கியின் தவணைத் தேதி கிணறு தோண்டி முடிக்கும்வரை நிற்காது. வட்டி கட்ட வழியில்லாமல், வாயு வருவதற்கு ஆறு மாதம் முன்னால் நஷ்டத்துக்கு விற்று வெளியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2. நிறுவனம் எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள்.

முதலில் ஆய்வு. அதில் வாயு தென்பட்டால் கண்டுபிடிப்பு. பிறகு அதன் அளவையும் தரத்தையும் அறிய மேலும் சில கிணறுகள் தோண்டி மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்குப் பின் வயல் மேம்பாட்டுத் திட்டம் எழுதி அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். மேடை, குழாய், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் கட்டிய பிறகே உற்பத்தி. "வாயு கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற செய்திக்கும் "வாயு விற்கிறார்கள்" என்ற செய்திக்கும் நடுவே இத்தனை படி இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் பணம் செலவாகும். ஒவ்வொரு படியிலும் திட்டம் நின்றுபோகவும் கூடும். உங்கள் நிறுவனம் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

3. "இருப்பு" என்று சொல்லும் எண்ணைப் பிரித்துப் பாருங்கள்.

பூமிக்கடியில் கிடக்கும் வாயு முழுவதும் மேலே வராது. பாறையின் தன்மையையும் அழுத்தத்தையும் பொறுத்து ஒரு பகுதிதான் வரும். அப்படி வரக்கூடியதையும் தொழிலில் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: கிடைக்க ஏறக்குறைய 90 சதவீத வாய்ப்புள்ளது, சரிபாதி வாய்ப்புள்ளது, 10 சதவீத வாய்ப்பு மட்டுமே உள்ளது. அறிக்கையில் ஒரு பெரிய எண் வந்தால் அது இதில் எந்த வகை என்று தேடுங்கள். குஜராத் அரசின் பெட்ரோலிய நிறுவனமான ஜிஎஸ்பிசியின் கையில் இருந்த, கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் தீன்தயாள் வயலில் 20 லட்சம் கோடி கன அடி வாயு இருப்பதாக 2005-ல் பெரிய அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் அதில் இறங்கியது. எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. 2017-ல் தன்னிடமிருந்த 80 சதவீதப் பங்கை ஓஎன்ஜிசியிடம் விற்றுவிட்டு ஜிஎஸ்பிசி வெளியேறியது. ஓர் அரசு நிறுவனம் அந்தச் சுமையை எப்படியோ தாங்கும். ஒரே ஒரு வயலை நம்பியிருக்கும் சிறு நிறுவனம் தாங்காது.

4. முதல் வாயு வந்த பிறகு என்ன ஆனது என்பதற்கு நம் கடலோரக் கதையைப் படியுங்கள்.

இந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற நிறுவனம் 1983-ல் ஹெச்.டி. பரேக்கின் முயற்சியில் தொடங்கப்பட்டது. எண்ணெய் தேடும் தொழிலில் இந்தியாவின் முன்னோடித் தனியார் நிறுவனங்களில் ஒன்று அது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதால் சிறு முதலீட்டாளர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பிஒய்-1 என்ற எரிவாயு வயல் அதன் கையில் இருந்தது. இத்தாலியின் எனி நிறுவனம் 2008-ல் இன்னொரு நிறுவனத்தை வாங்கியதைத் தொடர்ந்து இதன் ஏறக்குறைய 47 சதவீதப் பங்கைக் கையில் வைத்திருந்தது. பெரிய வெளிநாட்டு நிறுவனம் பின்னால் நிற்கிறது, வாயுவை வாங்க அரசு நிறுவனமான கெயில் இருக்கிறது, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பிள்ளைபெருமாநல்லூரில் வாயு கரைக்கு வருகிறது. இதைவிட என்ன வேண்டும் என்றுதான் பங்குதாரர்கள் நினைத்தார்கள். நினைத்ததில் தவறும் இல்லை.

2009 நவம்பரில் வாயு வந்தது. சொன்னபடியே வந்தது. ஆனால் அந்த வயலின் வாயு சாதாரண மணற்பாறையில் இல்லை. மிக ஆழத்தில் கிடக்கும் அடித்தளக் கருங்கல்லின் வெடிப்புகளில் தங்கியிருந்தது. அப்படிப்பட்ட பாறையில் எந்த வெடிப்பு எதனோடு சேர்கிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று முன்கூட்டிக் கணிப்பது மிகவும் கடினம். உற்பத்தி எதிர்பார்த்த அளவில் நிலைக்கவில்லை. இருப்பு மதிப்பீட்டைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதற்கேற்பக் கணக்கில் வயலின் மதிப்பும் குறைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பங்கின் விலை பெரிதும் சரிந்தது. எனியும் பிற்பாடு தன் பங்கை விற்று விலகிக்கொண்டது.

இதில் ஏமாற்று என்று எதையும் நான் சொல்லவில்லை. அறிவிப்பு உண்மை, வாயு உண்மை, வாங்கியவரும் உண்மை. கல்லுக்குள் இருந்தது மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. முதல் வாயு என்ற செய்தியோடு கண்ணை மூடிக்கொண்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். அதன் பிறகு காலாண்டுதோறும் உற்பத்தி அளவைப் படித்தவர்களுக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. அதே நிறுவனம் பிறகு புதிய நிர்வாகத்தின் கீழ் டிரோக்கில் வாயு எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வயலின் தோல்வியோடு நிறுவனம் முடிந்துவிட வேண்டியதில்லை. ஆனால் 2009-ல் உச்ச விலையில் வாங்கியவருக்கு அது பெரிய ஆறுதல் ஆகாது.

5. முதல் வாயுவை மேட்டூர் திறப்பாக மட்டும் எண்ணுங்கள்.

ஜூன் 12-ல் மதகு திறந்த படம் பத்திரிகையில் வந்தவுடன் நம் வீட்டில் யாரும் நெல்லை விற்றுக் கணக்குப் போடுவதில்லை. தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வரவேண்டும், முறை தவறாமல் ஓடவேண்டும், அறுப்பு நேரத்தில் மழை விடவேண்டும். எரிவாயுவிலும் அப்படித்தான். தொடங்கிய பிறகு குறைந்தது எட்டு காலாண்டுகளாவது இவற்றைக் கவனியுங்கள்: ஒரு நாளைய சராசரி உற்பத்தி எவ்வளவு, எத்தனை கிணறு ஓடுகிறது, அழுத்தம் குறைகிறதா, வாயுவோடு தண்ணீரும் மணலும் வருகிறதா. டி6 தொகுதியில் ஒரு நாளைக்கு 8 கோடி கன மீட்டர் என்பது திட்டம். 2010-ல் 6 கோடியைத் தாண்டியது. பிறகு கிணறுகளில் நீரும் மணலும் ஏறின. 2013 முடியும்போது 1.5 கோடிக்கும் கீழே போய்விட்டது. தொடக்க விழாப் படத்தைப் பார்த்து இதை யாராலும் ஊகித்திருக்க முடியாது. மாதாமாதம் வந்த உற்பத்தி எண்ணில் அது தெரிந்தது.

6. விலையை யார் வைக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணெயைத் தொட்டியில் வைத்து நாளைக்கு விற்கலாம். வாயு அப்படி நிற்காது. குழாய் வேண்டும், குழாயின் மறுமுனையில் வாங்குபவர் தயாராக இருக்க வேண்டும். நம் பகுதியில் குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் மின் நிலையங்கள் பக்கத்து வயல்களின் வாயுவில் ஓடுவது இதனால்தான். விலையிலும் எல்லா வயலுக்கும் ஒரே விதி கிடையாது. டி6 வாயுவுக்குத் தொடக்கத்தில் அரசு ஏற்ற விலை, பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 4.2 டாலர். ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா ஆகியவற்றின் பழைய வயல்களின் வாயுவுக்கு 2023 ஏப்ரலில் 6.5 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அரசு ஏலம் விட்ட சிறு வயல்களுக்கோ விலையிலும் விற்பனையிலும் சுதந்திரம் உண்டு. உலகச் சந்தையில் வாயு விலை ஏறிவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பங்கு வாங்கும் முன், உங்கள் நிறுவனத்தின் வயல் எந்த விதியின் கீழ் வருகிறது என்று பாருங்கள். உச்சவரம்புக்குக் கீழ் விற்கும் நிறுவனத்துக்கு அந்த ஏற்றம் முழுதாகக் கிடைக்காது.

7. பண வரிசையில் நீங்கள் கடைசி ஆள் என்பதை மறக்காதீர்கள்.

வாயு விற்ற பணத்தில் அரசுக்கு உரிமைத்தொகை போகும். கிணறும் குழாயும் நடத்தும் செலவு போகும். ஒப்பந்தப்படி அரசின் லாபப் பங்கோ வருவாய்ப் பங்கோ போகும். வங்கிக்கு அசலும் வட்டியும் போகும். அடுத்த கிணறு தோண்டக் கூட்டாளிகள் பணம் கேட்பார்கள். இவ்வளவும் போய் மிஞ்சுவதுதான் பங்குதாரருடையது. வேலை தாமதமானால் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்போது நிறுவனம் புதுப் பங்கு வெளியிடும். உரிமைப் பங்காக வந்தால் மேலும் பணம் போடவேண்டும், இல்லையென்றால் உங்கள் பங்கின் விகிதம் சுருங்கும். ஆகவே வாங்கும்போதே இரண்டு எண்ணைக் குறித்து வையுங்கள்: வங்கியில் ரொக்கம் எவ்வளவு, உற்பத்தி தொடங்க இன்னும் எவ்வளவு செலவாகும். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் அந்த வித்தியாசம் யார் பையிலிருந்து வரும் என்று கேளுங்கள். நிறுவனரின் பங்குகள் அடகில் இருக்கின்றனவா என்பதும் பங்குச் சந்தையின் இணையதளத்தில் வெளிப்படையாகவே கிடைக்கும்.

8. கூட்டாளிகளையும் ஒப்பந்தங்களையும் விசாரியுங்கள்.

காவிரிப் படுகைக் கடலிலேயே பிஒய்-3 என்ற எண்ணெய் வயல் 1997-ல் உற்பத்தி தொடங்கியது. ஓஎன்ஜிசி, ஹார்டி, டாடா பெட்ரோடைன், இந்துஸ்தான் ஆயில் என்று நான்கு கூட்டாளிகள். 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. எண்ணெய் வற்றிவிடவில்லை. அங்கே நின்ற மிதக்கும் உற்பத்திக் கலத்தின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்து என்ன செய்வது என்பதில் கூட்டாளிகள் உடன்படாமல் ஆண்டுகள் ஓடின. பூமிக்கடியில் சொத்து பத்திரமாக இருந்தும் பங்குதாரருக்கு வருமானம் வரவில்லை. நான்கு சகோதரர்கள் பெயரில் இருக்கும் பட்டா நிலத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலை நடத்துவது யார், முக்கியக் கருவிகள் வாடகைக்கா சொந்தமா, வாடகை எப்போது முடிகிறது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள்.

9. எந்த மண்ணிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இது எனக்கு மிக நெருக்கமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற நிறுவனம் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் நிலக்கரிப் படுகை மீத்தேனை 2007-லிருந்து வணிக அளவில் எடுத்து வந்தது. அதன் பங்குகள் லண்டன் சந்தையில் இருந்தன. அந்த நிறுவனத்துக்கு 2010-ல் மன்னார்குடித் தொகுதி கிடைத்தது. பரப்பு 691 சதுர கிலோமீட்டர். திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் நெல் வயல்கள். 2011 ஜனவரியில் மாநில அரசோடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

அந்த மீத்தேன் எப்படி வரும் என்று கேளுங்கள். கரிப் படுகையில் நீரின் அழுத்தத்தால் வாயு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நீரை இறைத்து வெளியேற்றினால்தான் அழுத்தம் குறைந்து வாயு பிரியும். நிலத்தடி நீரையும் ஆற்று நீரையும் நம்பி வாழும் நாட்டில், ஏற்கெனவே கடல்நீர் உள்ளே ஏறிவரும் நாட்டில், ஆண்டுக்கணக்கில் நிலத்தடி நீரை இறைக்கிறோம் என்றால் விவசாயி எப்படிச் சம்மதிப்பான்? ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. இயற்கை விவசாய விஞ்ஞானி நம்மாழ்வார் தள்ளாத வயதிலும் இதற்காகவே அலைந்தார். 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் நீத்தார். 2013-லேயே மாநில அரசு திட்டத்தை நிறுத்தி நிபுணர் குழு அமைத்திருந்தது. 2015-ல் அனுமதி இல்லை என்று முடிவாகவே அறிவித்தது. நெடுவாசலில் 2017-ல் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக மக்கள் போராடியதும் உங்களுக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கும் துரப்பணத்துக்கும் அது கதவை மூடியது.

அந்தப் போராட்டத்தில் நின்றவர்கள் பக்கம்தான் நான். பங்குதாரராகவும் அதையே சொல்வேன். மக்களின் சம்மதம் இல்லாத திட்டத்தில் பணம் போடுவது நீதிக்கும் பொருந்தாது, கணக்குக்கும் பொருந்தாது. மன்னார்குடி வாயுவுக்காக லண்டனில் யாராவது காத்திருந்திருந்தால் அவர்களுக்கு அந்த முதல் நாள் வரவே இல்லை. நீங்கள் வாங்கும் நிறுவனத்தின் வயல் அஸ்ஸாமிலோ குஜராத்திலோ இருக்கலாம். அங்கும் நம்மைப் போல் ஒரு விவசாயி, ஒரு மீனவர் இருப்பார். அவருடைய குறை என்ன, நிறுவனம் அதற்கு என்ன பதில் சொன்னது என்று விசாரித்துவிட்டுப் பணம் போடுங்கள்.

10. செய்தியை மூலத்திலிருந்து எடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் "அடுத்த மாதம் வாயு" என்ற செய்தியை அனுப்புபவர் பெரும்பாலும் அந்தப் பங்கை முன்பே வாங்கி வைத்திருப்பவர். நீங்கள் வாங்கினால்தான் அவர் விற்க முடியும். நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தரும் அறிவிப்பு, காலாண்டு முடிவு, ஆண்டறிக்கை மூன்றும் இலவசம். நாட்டின் வாயு உற்பத்திக் கணக்கை மத்திய அரசு மாதந்தோறும் வெளியிடுகிறது. ஆலோசனை சொல்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கேட்டவுடன் கோபப்படுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

11. தேதி தள்ளிப்போகும்போது காரணத்தைத் தரம் பிரியுங்கள்.

புயலால் துரப்பணக் கப்பல் வரவில்லை என்பது ஒரு பருவத் தாமதம். குழாய்க்கு அனுமதி கிடைக்கவில்லை என்பது அதைவிடப் பெரியது. சோதனைக் கிணற்றில் எதிர்பார்த்த ஓட்டம் இல்லை என்பது அடித்தளத்தையே ஆட்டுவது. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு ஒரு கெடு வையுங்கள். மூன்றாவது வந்தால் வாங்கிய விலையை மறந்துவிட்டு, இன்றைக்குப் புதிதாக வாங்குவீர்களா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்று தோன்றினால் விற்றுவிடுங்கள். விலை இறங்கிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மேலும் வாங்கிச் சராசரியைக் குறைப்பது, இந்தத் தொழிலில் சிறிய இழப்பைப் பெரிய இழப்பாக்கும் வழி.

12. அளவை முதலிலேயே வையுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

உற்பத்தி தொடங்காத ஒரு நிறுவனத்தில் உங்கள் மொத்தச் சேமிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அது முழுதும் போனாலும் குடும்பம் அசையக்கூடாது. மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் வாங்காதீர்கள். வாரிசுப் பெயரைக் கணக்கில் பதியுங்கள்.

நம் நாடு தனக்கு வேண்டிய எரிவாயுவில் ஏறக்குறைய பாதியை இறக்குமதி செய்கிறது. இங்கேயே முறையாக, யாரையும் வதைக்காமல் எடுக்கும் நிறுவனங்களுக்குச் சிறு முதலீட்டாளரின் பொறுமையான பணம் தேவைதான். அதற்கு நியாயமான பலனும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அதனால் பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை, படித்துவிட்டு இறங்கச் சொல்கிறேன். வாங்க நினைக்கும் நிறுவனத்தின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளை இன்றைக்கே இறக்கி வையுங்கள். மூன்றிலும் முதல் உற்பத்திக்கு என்ன தேதி சொன்னார்கள் என்று அருகருகே எழுதுங்கள். தேதி மாறியிருந்தால் ஏன் என்று நிறுவனச் செயலாளருக்குக் கடிதம் போடுங்கள். கிடைக்கும் பதிலையும் இந்தப் பன்னிரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒரு பங்காவது வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.